கரிசல்காட்டு மனுப் புராணம்

காப்பு

தமிழ்நாட்டில் முதன்முதலாக அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தது ஒரு பசு. திருவாரூர் அரண்மனை வாசலில் மணி தொங்கியது. இளவரசன் தேர்ச்சக்கரத்தில் கன்றைப் பறிகொடுத்த பசு வந்து கொம்பால் ஆட்டியது. கோரிக்கை ஒன்றே ஒன்று. இணைப்பு கிடையாது, நகல் கிடையாது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கிடையாது. ராஜா வெளியே வந்து விசாரித்து, பெற்ற மகனைத் தேர்க்காலில் போட்டுக் கணக்கை முடித்தார். மனு பைசல். அதற்கப்புறம் அந்த வேகத்தில் பைசலான மனு ஒன்றும் இந்த நாட்டில் இல்லை. அந்த மனுநீதிச் சோழன் பேரில்தான் அரசாங்கம் இன்றைக்கும் ‘மனுநீதி நாள்’ நடத்துகிறது. மணியை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

எங்கள் சீமை கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என்று விரிந்து கிடக்கும் கரிசல் காடு. மழை பெய்தால் மண் காலைக் கவ்வும்; பெய்யாவிட்டால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டுக்கும் மனுக் கொடுப்போம். திங்கட்கிழமை காலையில் தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கருகின உளுந்துச் செடி, மணி பிடிக்காத கதிர், காலிக் குடம் என்று சாட்சிகளோடு நிற்பவர்களில் எங்கள் ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள்.

அரசியல் பாடப் புத்தகத்தில் இதற்கு ‘அழுத்தக் குழு’ என்று பேர். எங்கள் ஊரில் ‘சங்கத்துக்காரங்க’. இருநூற்றுச் சொச்சம் வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகின சீமை இது. சிலது கிடைத்தது. பலது குப்பைக்கூடைக்குப் போனது. எது ஏன் கிடைத்தது, எது ஏன் போனது என்று டீக்கடையில் உட்கார்ந்து யோசித்ததில் பிறந்தது இந்தப் புராணம். சரித்திர வாத்தியார்கள் மன்னிக்க.

ஜாக்சனைத் தேடிய படலம்

வருஷம் 1798. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கிஸ்தி பாக்கி வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 3,310 பகோடா நாணயம். கலெக்டர் ஜாக்சன் துரை ஆகஸ்ட் 18ஆம் தேதி கடிதம் விட்டார்: இரண்டு வாரத்துக்குள் ராமநாதபுரத்தில் வந்து என்னைப் பார்க்கவும்.

கடிதம் விட்ட கலெக்டர் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனார். துரை பார்க்க மாட்டாராம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். அங்கேயும் பார்க்க மாட்டாராம். ‘ஐயா கேம்ப் போயிருக்காக’ என்ற வாசகம் எங்கள் மாவட்டத்தில் புழக்கத்துக்கு வந்தது அப்போதாகத்தான் இருக்க வேண்டும். இருபத்து மூன்று நாள், நானூறு மைல் என்று சரித்திரப் புத்தகங்கள் கணக்குச் சொல்கின்றன. கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்தில் தரிசனம் கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். 1959இல் சிவாஜி கணேசன் திரையில் கர்ஜித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம் தொண்டையில் இறங்காது. தாலுகா ஆபீஸ் வராண்டாவில் நின்றவர்களுக்கு இறங்கும்.

கணக்குப் பார்த்தால் பாக்கி 1,080 பகோடாதான். மிச்சமெல்லாம் கட்டியாகிவிட்டது. கணக்கு நேரானாலும் பேச்சு நேராகவில்லை. வாசலில் கைகலப்பு. கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி செத்தார். மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பி ஊர் வந்தார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நாம் சினிமாவில் சரியாகக் கவனிக்கவில்லை. வாளை எடுக்காமல் எழுதுகோலை எடுத்தார். ஜாக்சனுக்கு மேலே இருந்த சென்னைக் கவுன்சிலுக்கு மனுப் போட்டார். பிரவுன், ஓரம், காசாமேஜர் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் விசாரணைக் குழுவாக உட்கார்ந்தார்கள். டிசம்பர் 15ஆம் தேதி கட்டபொம்மன் நேரில் ஆஜரானார். தீர்ப்பு அவர் பக்கம். பிள்ளை விடுதலை. ஜாக்சனுக்கு வேலை போனது. சொந்தக் கலெக்டரை வீட்டுக்கு அனுப்ப வைத்த மனு! திருவாரூர்ப் பசுவுக்கு அடுத்த இடம் பாஞ்சாலங்குறிச்சிக்குத்தான்.

கம்பெனிக்கு நீதியுணர்ச்சி பொங்கிவிட்டது என்று நினைத்தால் நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். அந்த நேரம் வெள்ளைக்காரன் திப்பு சுல்தானோடு கடைசிக் கணக்கைத் தீர்க்கத் தயாராகிக்கொண்டிருந்தான். வடக்கே தீ மூட்டப் போகிறவன் தெற்கே நெருப்புப் பொறி விழுவதை விரும்ப மாட்டான். 1799 மே 4ஆம் தேதி திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அதே மே மாதம் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் இருந்த படைகளுக்குத் தெற்கே போக உத்தரவு வந்தது. செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. அக்டோபரில் கயத்தாற்றுப் புளியமரத்தில் தூக்கு. மனு அதே மனு. நியாயம் அதே நியாயம். அரசாங்கத்துக்குக் கை ஒழிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு பாளையம் எட்டயபுரம். அங்கிருந்து கம்பெனிக்கு எதிராக ஒரு மனுவும் போகவில்லை. அவர்கள் துரைகளுடன் கூடவே இருந்தார்கள். சண்டை முடிந்து பாஞ்சாலங்குறிச்சி ஊர்களைப் பங்கு வைத்தபோது எட்டயபுரத்துக்கு இலை போட்டுப் பரிமாறினார்கள். மனுக் கொடுக்கிறவன் வாசலில் நிற்பான். கூட இருக்கிறவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இந்த உண்மைக்கு எங்கள் சீமை கொடுத்த விலை கொஞ்சமல்ல.

கவிதை மனுப் படலம்

நூற்றிருபது வருஷம் கழித்து, 1919இல், அதே எட்டயபுரம் அரண்மனைக்கு ஒரு மனு வந்தது. மனுதாரர் உள்ளூர்க்காரர், சி. சுப்பிரமணிய பாரதி. சீட்டுக்கவி என்பது புலவர்கள் ராஜாக்களுக்கு எழுதும் பழைய விண்ணப்பப் படிவம். அதில் அவர் கேட்ட பட்டியலில் பொற்பையும் இருந்தது, பல்லக்கும் இருந்தது. வீட்டில் அரிசி இல்லாத மனிதர் பல்லக்குக் கேட்கிற மிடுக்கு தமிழில் மட்டும்தான் சாத்தியம்.

பதில் வரவில்லை. ஜமீனுக்குத் தமிழ் புரியாமல் இல்லை. மனுதாரர் முந்தின டிசம்பரில்தான் கடலூர் ஜெயிலிலிருந்து வந்திருந்தார். அவருக்கு ஒரு சால்வை போர்த்தினால் கலெக்டர் முகம் சுளிப்பார். சுளித்தால் ஜமீனுக்கு ஆபத்து. போர்த்தாவிட்டால்? ஒன்றும் ஆகாது. கவிஞருக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்க அன்றைக்கு அங்கே ஓர் ஆளும் இல்லை. கொடுத்தால் தொல்லை, கொடுக்காவிட்டால் தொல்லையில்லை என்று ஆகிவிட்ட மனு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அழகான காகிதம்தான். பாரதிக்கே இந்தக் கதி என்றால் நம் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீக்குச்சிப் படலம்

எங்கள் சீமைக்கு வந்த பெரிய வரம் மனுக் கொடுக்காமலேயே வந்தது.

1922. முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் கஜானா காலி. எதிலாவது வரி போட வேண்டும். வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் என்று இறக்குமதி வரி போட்டார்கள். குரோசு என்றால் 144 பெட்டி. ஸ்வீடன் பெட்டியும் ஜப்பான் பெட்டியும் விலையேறின. உள்ளூரில் செய்தால் கட்டுப்படியாகும் என்று ஆனது. அந்தக் காலகட்டத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. மழை இல்லாததால் குச்சி சீக்கிரம் காய்ந்தது. மழை இல்லாததால் காட்டில் வேலையும் இல்லை. கைகள் சும்மா இருந்தன. வானம் பொய்த்ததையே மூலதனமாகப் போட்டு ஒரு தொழில் நடந்தது எங்கள் பக்கம்தான்.

அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் ஐவர் குரூகர் என்று ஒரு ஸ்வீடன்காரர் இருந்தார். உலகத் தீப்பெட்டிக்கெல்லாம் அவர்தான் சக்கரவர்த்தி. இவர் எந்த அரசாங்கத்துக்கும் மனுக் கொடுத்ததில்லை, கடன் கொடுத்தார். பணமுடையில் இருக்கும் தேசத்துக்குக் கோடிக்கணக்கில் கடன், பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகம். 1929இல் ஜெர்மனிக்கு 12.5 கோடி டாலர். ‘ஐயா, பார்த்துச் செய்யுங்க’ என்று அவர் கேட்கவில்லை. அரசாங்கம் அவரிடம் கேட்டது. உலகத்தின் தலைசிறந்த அழுத்தக் குழு அந்த ஒற்றை ஆள். கடன் கொடுத்துக் கொடுத்துக் கணக்கு ஊதிப்போய், 1932 மார்ச்சில் பாரிஸில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய கூட்டம் 1923லேயே வரிச் சுவரைத் தாண்டி இந்தியாவுக்குள் ‘விம்கோ’ என்ற பேரில் யந்திரத்தோடு இறங்கியிருந்தது.

யந்திரத்துக்கும் விரலுக்கும் சண்டை. இதில் விரல் எப்படி ஜெயித்தது என்பது சுவையான கதை. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பெட்டிக்குப் பெட்டி ‘பேண்ட்ரோல்’ என்ற வரிச் சீட்டை ஒட்ட வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு, கையால் செய்கிற சின்ன ஆலைக்கு வரி குறைவு, பெரிய ஆலைக்கு வரி அதிகம் என்று அரசாங்கம் வகுப்புப் பிரித்தது. தெற்கத்திச் சங்கங்கள் டெல்லிக்குப் போய்ச் சொன்ன வாதம் எளிமையானது: அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் யந்திரம், இந்தப் பக்கம் கரிசல்காட்டு ஏழையின் விரல். காந்தியின் குடிசைத் தொழிலைக் கும்பிட்டுக்கொண்டே ஆட்சி நடத்தும் எந்த அரசாங்கம் யந்திரத்தின் பக்கம் நிற்கும்? 1977இல் ஜனதா ஆட்சி வந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர். சிறுதொழிலுக்கு ஒதுக்கிய பொருள்களின் பட்டியல் 180இலிருந்து 504க்கு எகிறியது. விம்கோவுக்குக் கை கட்டு. சின்ன ஆலைக்குக் கலால் சலுகை.

அப்புறம் சின்னதாக இருப்பதே ஒரு தொழிலானது. இத்தனை குச்சிக்கு மேல் செய்தால் சலுகை போய்விடும் என்று சட்டம் சொன்னால், வளர்ந்த ஆலை என்ன செய்யும்? பிள்ளை பெறும். சம்சாரம் பேரில் ஒன்று, மைத்துனர் பேரில் ஒன்று, மாமியார் பேரில் ஒன்று. மாமியாரை முதலாளி ஆக்கிக் கும்பிட வைத்தது இந்தியச் சட்டங்களிலேயே கலால் சட்டம் ஒன்றுதான். அரசாங்கம் சிறியவனைக் காப்பாற்ற நினைத்தது; பெரியவன் சிறியவனாக வேஷம் போடக் கற்றுக்கொண்டான். கடைசியில் விம்கோ தளர்ந்து, 2005இல் ஐ.டி.சி. கைக்குப் போனது. சென்னையில் மெட்ரோ ரயில் ‘விம்கோ நகர்’ வரை போகிறது. சண்டையில் தோற்றவன் பேரில் ஸ்டேஷன் இருக்கிறது. ஜெயித்தவன் ஊருக்கு அந்த ரயில் வரவில்லை.

சங்கமில்லாத விரல்களின் படலம்

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

‘கரிசல்காட்டு ஏழையின் விரல்’ என்று டெல்லியில் சொன்னோமே, அந்த விரல்களில் பலவற்றுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. விடியுமுன்னே கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் ஏறும் பிள்ளைகள் இருட்டிய பிறகு இறங்கும். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல் வசதி என்று பெரியவர்கள் காரணம் சொன்னார்கள். ஆலைக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. பெரிய தொழிலாளிக்குக் கட்சி இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. மனு எப்படி எழுதும்?

அவர்களுக்காக வெளியூர்க்காரர்கள்தான் எழுதினார்கள். தீப்பெட்டி உற்பத்தியில் குழந்தைகளை வைத்து வேலை வாங்கக் கூடாது என்று 1986இல் சட்டம் சொன்னது. வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் டெல்லி வரை போய்ச் சேர இத்தனை காலம் பிடித்தது. யாருக்கு அதிகமாக வலிக்கிறதோ அவர்களால்தான் அரசாங்கத்தை அழுத்த முடியும் என்பது புத்தகக் கதை. அழுத்துவதற்கு முதலில் கையில் பலம் வேண்டும். பலம் இல்லாதவனுக்குத்தான் வலி அதிகம்.

மாட்டுவண்டிப் படலம்

இனி விவசாயி கதை. கதாநாயகர் கோயம்புத்தூர்க்காரர், வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. பச்சைத் துண்டுக்காரர்களின் தலைவர்.

1970இல் பம்புசெட் மின்சாரம் யூனிட்டுக்கு எட்டுப் பைசாவிலிருந்து பத்துப் பைசா ஆனது. இரண்டு பைசாதானே என்று கோட்டையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கோவை விவசாயி கிணற்றின் ஆழத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டார். ஆழம் கூடக்கூட அந்த இரண்டு பைசா கழுத்தை இறுக்கியது. போராட்டம் வெடித்தது. ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். கட்டணம் ஒன்பது பைசாவானது. ஒரு பைசாவுக்கு மூன்று உயிர். 1972இல் மறுபடி மூண்டபோது ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகருக்குள் புகுந்து தெருத்தெருவாக நின்றன. கலெக்டர் ஜீப்புக்கு வழியில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டால் வண்டியை யார் இழுப்பது? போலீஸ் பள்ளியில் மாட்டுவண்டி ஓட்டச் சொல்லித் தருவதில்லை.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1990இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்தது. அதற்கப்புறம் வந்த எந்தக் கட்சிக்கும் அதில் கை வைக்கத் துணிச்சல் நிலைக்கவில்லை. எட்டுப் பைசாவில் ஆரம்பித்த சண்டை பூஜ்யத்தில் முடிந்தது. அழுத்தக் குழு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது: எல்லார் கையிலும் ஒரே மாதிரி மீட்டர், ஒரே தேதியில் பில், ஒரே கோரிக்கை.

நடுவில் ஒரு சறுக்கல். 1982இல் சங்கம் கட்சியானது. ‘இத்தனை லட்சம் பேர் கூடுகிறார்களே, ஓட்டுப் போடமாட்டார்களா’ என்ற எண்ணம்தான். போராட்டக் களத்தில் நின்ற தலைகள் வாக்குப் பெட்டியில் தென்படவில்லை. மின் கட்டணத்துக்காக எல்லாக் கட்சிக்காரனும் பச்சைத் துண்டு போடுவான். ஓட்டுச் சாவடியில் துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பழைய சின்னத்தில்தான் குத்துவான். அதுவரை இரண்டு கழகமும் சங்கத்தைக் கண்டு பயந்தன. கட்சியாகி எண்ணிக் காட்டியதும் பயம் தெளிந்தது. எண்ணாத கூட்டத்துக்குத்தான் மதிப்பு.

1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த இடத்தில், எங்கள் கோவில்பட்டியில்தான், நாராயணசாமி நாயுடு காலமானார். வருஷா வருஷம் அந்த நாளில் விவசாயிகள் கூடி மாலை போடுகிறார்கள். பெரிய மனிதர், அந்த மாலை நியாயம். ஆனால் மாலை போட வரும் கரிசல்காட்டுக்காரர்களில் அநேகம் பேருக்கு அவர் வாங்கித் தந்த இலவச மின்சாரம் எட்டவே இல்லை. நாங்கள் மானாவாரி. புரட்டாசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, தை மாசியில் அறுக்கிற ஜாதி. கிணறே இல்லாத காட்டில் மோட்டார் ஏது? உளுந்துக்காரன், பாசிப்பயறுக்காரன், மக்காச்சோளக்காரன், மிளகாய்க்காரன், மல்லிக்காரன் என்று ஆளுக்கு ஒரு பயிர், ஆளுக்கு ஒரு நஷ்டம். ஒருவனுக்கு மழை போதவில்லை. பக்கத்து ஊர்க்காரனுக்கு அறுக்கும் நேரத்தில் கொட்டிவிட்டது. ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் கலெக்டர் சிரிப்பார்.

கூத்துக் காட்டினால் கிடைக்குமா என்றால், அதையும் 2017இல் திருச்சி விவசாயத் தலைவர் அய்யாக்கண்ணு டெல்லி ஜந்தர் மந்தரில் பார்த்துவிட்டார். மண்டை ஓடு, வாயில் எலி என்று நாற்பத்தோரு நாள். தொலைக்காட்சிகள் உருகின. கேட்ட கடன் தள்ளுபடி கிடைக்காமலே ரயிலேறினார்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது 2021 பிப்ரவரியில். சட்டசபைத் தேர்தல் தேதி அறிவித்தது அதே பிப்ரவரி கடைசியில். மண்டை ஓட்டைவிடத் தேர்தல் நாட்காட்டிக்குப் பல் அதிகம்.

கடலை மிட்டாய்ப் படலம்

சுருக்கமான, இனிப்பான படலம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கடலை மிட்டாய்க்கு 18 சதவீதம் என்றார்கள். கடலையும் வெல்லமும் சேர்ந்தால் சாக்லேட் அந்தஸ்து வந்துவிடும் என்று டெல்லியில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். கோவில்பட்டிக்காரர்கள் கொதித்தார்கள். நவம்பர் 10ஆம் தேதி குவாஹாட்டியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. பட்டாசு வெடித்தோம், தீப்பெட்டிக்கா பஞ்சம்?

அரசாணையை எடுத்துப் படித்தால் கோவில்பட்டி என்ற பேரே இல்லை. பொரி சிக்கி, கடலைச் சிக்கி, எள்ளுச் சிக்கி, ரேவடி, கஜா என்று வடநாட்டு மிட்டாய்களின் வரிசைக்கு நடுவே எங்கள் மிட்டாய் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மகாராஷ்டிராவும் குஜராத்தும் தின்கிற சிக்கிதான் எங்கள் கடலை மிட்டாய். குஜராத்தில் டிசம்பர் 9, 14 தேதிகளில் சட்டசபைத் தேர்தல். கல்யாண வீட்டுக்காரரோடு ஒரே காரில் வந்து இறங்கினால் பத்திரிகை இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்?

சொந்தப் பேரில் கேட்டதும் ஒன்று உண்டு. புவிசார் குறியீடு. உற்பத்தியாளர் சங்கம் 2014இல் விண்ணப்பித்தது. 2020 ஏப்ரல் கடைசியில் கிடைத்தது. சொந்தக் காலில் நடந்தால் ஆறு வருஷம். சிக்கியின் தோளில் ஏறினால் நாலு மாசம்.

லைட்டர் வதைப் படலம்

தீப்பெட்டி விலை என்பது இந்தியாவின் பொறுமைக்கு அளவுகோல். 1995இல் 25 பைசா 50 ஆனது. 2007இல் ஒரு ரூபாய். அப்புறம் பதினாலு வருஷம் அதே ஒரு ரூபாய். 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த முடிவெடுக்கச் சிவகாசியில் ஐந்து சங்கங்கள் கூடின. ஐந்தும் ஒரே நாளில் ஒரே விலை சொன்னதுதான் அதிசயம்.

ஏனென்றால் வரி விஷயத்தில் அந்த ஒற்றுமை வாய்த்திருக்கவில்லை. ஜி.எஸ்.டி. வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், யந்திரத் தீப்பெட்டிக்கு 18. பழைய விரல், யந்திரச் சண்டை இப்போது ஒரே ஊருக்குள். இரண்டு பேரும் வாசல் வாசலாக ஏறினார்கள். 2020 மார்ச்சில் கவுன்சில், குரங்கு அப்பம் பங்கு வைத்த மாதிரி, எல்லாருக்கும் 12 என்று முடித்தது. பதினெட்டுக்காரன் சிரித்தான், ஐந்துக்காரன் அழுதான்.

இந்த நேரத்தில் ஒரு பொது எதிரி கிடைத்தது எங்கள் பாக்கியம். சீனத்துப் பிளாஸ்டிக் லைட்டர். பெட்டிக்கடையில் பத்து ரூபாய். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியை விழுங்கும் என்று கணக்குச் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார்: லட்சம் பேருக்கு மேல் நேரடி வேலை, பெரும்பாலும் பெண்கள், லைட்டரைத் தடை செய்யுங்கள். நாள் தவறாமல் முட்டிக்கொண்டிருந்த இரண்டு அரசாங்கங்கள் தீப்பெட்டி விஷயத்தில் தலையாட்டிக்கொண்டன. 2023 ஜூன் 29ஆம் தேதி, இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டரை இறக்குமதி செய்யத் தடை. லைட்டர் உதிரி பாகமாகக் கழன்று கப்பலேறியது. 2024 அக்டோபரில் பாகத்துக்கும் தடை.

ஏன் இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது? நஷ்டப்படுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். சீனத்து முதலாளிக்குக் கோவில்பட்டியில் ஓட்டில்லை. பீடி பற்றவைப்பவருக்கு ஓட்டு உண்டு, சங்கம் இல்லை. தீப்பெட்டிக்கு மாற வேண்டி வந்ததற்காக அவர் சாலை மறியல் செய்யப் போவதில்லை. மன்கூர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் 1965இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்: ஆளுக்கு நிறைய லாபம் வரும் சின்னக் கூட்டம், ஆளுக்குக் கொஞ்சம் நஷ்டம் வரும் பெரிய கூட்டத்தை ஜெயித்துவிடும். எங்கள் டீக்கடையில் இதை ‘கூடி நிக்கிறவன் கொண்டு போவான்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ரொம்பவும் துள்ள வேண்டாம் என்று நினைவூட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டு. ஃபிரடெரிக் பஸ்தியா, 1845இல், மெழுகுவத்திக்காரர்கள் பேரில் ஒரு கேலி மனு எழுதினார்: வெளிநாட்டுப் போட்டியாளன் ஒருவன் வெளிச்சத்தை அடிமாட்டு விலைக்குக் கொட்டுகிறான், எல்லா ஜன்னலையும் அடைக்கச் சட்டம் போடுங்கள். அந்தப் போட்டியாளன் சூரியன். நாங்கள் லைட்டருக்குக் கேட்டது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறைதான். சூரியன் மேல் மட்டும் நாங்கள் மனுப் போட மாட்டோம்; குச்சி காய வேண்டும்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி தீப்பெட்டி வரி 12இலிருந்து 5க்கு இறங்கியது. வருஷக்கணக்காகக் கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு நாடு முழுக்க 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள். மறுபடியும் கல்யாண வீட்டுக்காரரின் கார்.

நூற்பயன்

புராணம் படித்தால் பலன் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

மனுவில் நியாயம் இருக்கட்டும், இருப்பது நல்லது. ஆனால் கரிசல்காட்டில் ஜெயித்த மனுக்கள் நியாயத்தால் மட்டும் ஜெயிக்கவில்லை. திப்பு உயிரோடு இருந்ததால் கட்டபொம்மன் மனு ஜெயித்தது. கஜானா காலியானதால் தீப்பெட்டி பிறந்தது. குஜராத்தில் தேர்தல் வந்ததால் மிட்டாய் இனித்தது. லைட்டருக்கு இங்கே ஓட்டில்லாததால் தடை வந்தது. அரசாங்கம் தனக்குத் தேவையானபோது கொடுக்கிறது. அந்த நேரம் பார்த்து, ஒரே குரலில், ஒரே வரியில் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் வாங்கிக்கொண்டு போகிறான். ஆளுக்கு ஒரு மனுவோடு நிற்கிறவன் அடுத்த திங்கட்கிழமையும் வருகிறான்.

சங்கம் இல்லாமல் இந்தச் சீமையில் மிச்சமிருப்பது மானாவாரி விவசாயிதான். அரசாங்கம் அவரை மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கும் மின்சாரம் இலவசம், மோட்டார் இருந்தால்.